சீனா ஓட்டலில் கை நனைத்தது பற்றி

தூத்துக்குடி போலீஸ் ஸ்டேஷனில், 14-7-1945 சனிக்கிழமை சாயங்காலம், நான் சொல்லச் சொல்ல ஏட்டையா அவர்கள் எழுதிக்கொண்டது.

என் பெயர் வன்னியபெருமாள். தகப்பனார் காலஞ்சென்ற சுடலைமுத்து. வயது ஐம்பது அல்லது ஒன்றிரண்டு கூட இருக்கும். நான் ஒரு புயல் வருஷத்தில் பிறந்தேன் என்பார்கள், எந்தப் புயல் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் தகராறு இருக்கிறது. ஊர் உடன்குடி. பஜாரில் கருப்பட்டி, பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடுவேன், போட்டதைத் திருப்பி வாசிக்கச் சொன்னால் எனக்கு வராது. இதற்கு முன் எந்தக் கேஸிலும் சம்பந்தப்பட்டவன் இல்லை. என் கடையில் எலியைக்கூட என் மனைவிதான் அடிப்பாள்.

இன்று மத்தியானம் தூத்துக்குடி கடற்கரை ரோட்டில் உள்ள சீனா ஓட்டலில் சிவனாண்டி என்பவருக்கு சூப்புக் கோப்பையால் நெற்றியில் காயம் ஏற்பட்டது சம்பந்தமாக என்னை விசாரித்ததில் நான் சொல்வது என்னவென்றால்:

என் மனைவி பெயர் சந்தனமாரி. எங்களுக்கு செல்லக்கனி என்று ஒரே மகள், வயது பத்தொன்பது. மேற்படி சிவனாண்டி தூத்துக்குடியில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கி வைத்து வியாபாரம் செய்கிறவர். என்னிடம் கருப்பட்டி சிப்பம் சிப்பமாக எடுத்துக் கப்பலுக்கு ஏற்றுகிறவர். அவருக்குப் பிள்ளை இல்லை. செத்துப்போன தங்கச்சியின் மகன் லிங்கத்துரை என்பவரைக் கூட வைத்து வளர்த்திருக்கிறார். அந்தப் பையன் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். போன மாசம் சிவனாண்டி என் கடைக்கு வந்து, கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், எல்லா ரகத்தையும் நல்ல ரகம் என்று சொல்லி, லிங்கத்துரைக்கு என் மகளைக் கேட்டார். எந்த வியாபாரியும் என் கடையில் எல்லா ரகத்தையும் நல்ல ரகம் என்று சொன்னது கிடையாது. எனக்கு முதல் சந்தேகம் அப்போதே வந்தது. ஆனால் மாப்பிள்ளை கோட்டு போட்டு ஆபீசுக்குப் போகிறவர் என்றதும், அந்தச் சந்தேகத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏட்டையா கடற்கரைக்காரர், கிறிஸ்து வேதக்காரர். அதனால் எங்கள் பனங்காட்டுப் பக்கத்து வழக்கம் அவருக்குத் தெரியாது, விளக்கிச் சொல்லும்படி கேட்டார். சொல்கிறேன். கல்யாணம் பேசப் போகிற வீட்டில் முடிவாகிறவரைக்கும் சோறு சாப்பிடக் கூடாது. காப்பி குடிக்கலாம், வெற்றிலை போடலாம், முறுக்குகூடக் கடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதைக் கை நனைக்கிறது என்போம். கை நனைத்த பிறகு வேண்டாம் என்று சொன்னால் மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, பெண்ணுக்கு என்ன குறையோ என்று ஊர் கேட்கும். அதற்கப்புறம் அந்தப் பெண்ணைக் கேட்டு ஒருவரும் வாசலுக்கு வர மாட்டார்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லையே என்று ஏட்டையா சொன்னார். சட்டத்தில் இல்லாததால்தான் இதை ஒருவரும் மீறுவதில்லை என்று நான் சொன்னேன்.

நானும் மனைவியும் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவது என்று பேசி, இன்று விடியுமுன் பஸ் ஏறினோம். கிளம்பும்போது என் மகள், "அப்பா, நல்லாப் பாத்துட்டு வாங்க. சாப்பிட்டுட்டு வந்திராதிய" என்றாள். என் குணம் அவளுக்குத் தெரியும். எனக்கு யார் வீட்டு அடுப்பில் தாளித்தாலும் கால் தானாக நிற்கும்.

பஸ் கரி போட்டு ஓடுகிற பஸ். ஆறுமுகநேரி உப்பளம் பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆண்களை எல்லாம் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். தள்ளினோம். நான் தள்ளியதைவிட பஸ்ஸில் சாய்ந்து நின்றதுதான் அதிகம் என்று என் மனைவி சன்னல் வழியாகச் சொன்னாள். அந்தக் காரணத்தால் தூத்துக்குடி வந்து சேரும்போது உச்சிவெயில் ஆகிவிட்டது, எனக்குப் பசி காதை அடைத்தது. பசியை ஏன் சொல்கிறேன் என்றால் அது இந்தக் கேஸில் ஒரு சாட்சி.

அதன் பிறகு ஒரு குதிரை வண்டி பிடித்து சிவனாண்டியின் கிட்டங்கிக்குப் போனோம். வழியில் அவர் வீட்டை வண்டிக்காரர் கைகாட்டினார். மாடி வீடு. கிட்டங்கி வாசலில் சிவனாண்டி எங்களை வரவேற்று, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியல அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. வீட்டுல அம்மை போட்டிருக்கு. அதுவும் நல்லதுதான். வீட்டுல வச்சு சாப்பிடச் சொன்னா நீங்க யோசிப்பிய. ஓட்டலுக்குப் போவோம். ஓட்டல் சோறு யார் வீட்டுச் சோறும் இல்ல" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. பசித்தவனுக்கு எல்லாம் நியாயமாகத்தான் படும். என் மனைவி என் பக்கம் குனிந்து, "அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை எங்க?" என்று கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். வாசலில் வேப்பிலை இல்லை, கோலம்தான் இருந்தது. இது இரண்டாவது சந்தேகம்.

எந்த ஓட்டல் என்று கேட்டேன். சீனா ஓட்டல் என்றார். வேறு ஓட்டல்களில் பெண்கள் உட்கார இடம் கிடையாது, அங்கே மறைப்புத் தட்டி வைத்து மேஜை உண்டு, கூட்டமும் இருக்காது, பையன்தான் அதைச் சொன்னான் என்றார். "பையன் அங்கன சாப்பிட்டிருக்கானா?" என்று என் மனைவி கேட்டாள். "ஓட்டல் வாசலையே மிதிக்காதவன் மயினி. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கான்" என்றார் சிவனாண்டி.

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் அவளும் ஒரு ஓட்டலில் சேர்ந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அவள் சேலைத் தலைப்பை இரண்டு தோளிலும் போர்த்திக்கொண்டு, நாற்காலியின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியை விடவில்லை.

மேற்படி ஓட்டல் வாசலில் ஒரு பலகை. அதில் தமிழில், "ஓட்டல் முதலாளி சீனா தேசத்தவர். ஜப்பான் தேசத்தவர் அல்ல" என்று எழுதியிருந்தது. அப்படி மெனக்கெட்டு எழுதிப் போட்டிருந்ததே எனக்குச் சந்தேகம் கொடுத்தது. என் கடை வாசலில் நான் கலப்படக்காரன் அல்ல என்று எழுதிப் போட்டால் ஒரு ஆள் உள்ளே வருவானா. ஓட்டலின் ஒரு சன்னல் வழியாகத் துறைமுகத்துக் கப்பல்கள் தெரிந்தன. அதையும் கவனித்துக்கொண்டேன். சண்டைக் காலம். ஓட்டல் முதலாளி லியோங் என்பவர் கொழும்பில் வெகுகாலம் இருந்தவராம், கொழும்புத் தமிழ் பேசினார். "வாங்கோ ஐயா, இருங்கோ அம்மா" என்று கும்பிட்டார். ஜப்பான்காரன் இவ்வளவு மரியாதையாகப் பேசுவானா, பேசினால்தானே ஒற்றன் என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தை எழுத வேண்டாம் என்று ஏட்டையாவிடம் கேட்டுக்கொண்டேன். அதற்குள் எழுதிவிட்டார்.

மாப்பிள்ளைப் பையன் லிங்கத்துரை அரை நாள் ஆபீஸ் முடிந்து எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். ஒல்லியான பையன். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் உட்கார்ந்திருந்தது சன்னலோரத்துச் சின்ன மேஜை. எதிரில் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு, அதன்முன் ஒரு தட்டும் வைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சீனாக்காரர் அந்த இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு போனார். எங்களைப் பெரிய மேஜைக்கு மாற்றினார்கள்.

அதன் பிறகு சீனாக்காரர் எல்லோருக்கும் பால் ஊற்றிய தேத்தண்ணீர் கொண்டுவந்தார். லிங்கத்துரைக்கு மட்டும் பால் இல்லாமல், காது உடைந்த ஒரு நீலக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். பையன் கேட்கவில்லை. அவரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அதன் பிறகு இறால் போட்டு வதக்கிய, இடியாப்பத்தை யாரோ கோபத்தில் கலைத்த மாதிரியான ஒரு பதார்த்தம் வந்தது. எங்கள் தட்டில் எல்லாம் இறால். பையன் தட்டில் ஒரு இறால்கூட இல்லை. "தம்பிக்கு இறால் ஆகாது, உடம்பு தடிச்சுப் போகும்" என்று சீனாக்காரர் எனக்குப் பிரியமாகச் சொன்னார். சிவனாண்டி உடனே, "இந்த ஆளுங்க முகத்தைப் பாத்தே உடம்பு சொல்லுவாங்க அண்ணாச்சி" என்றார். என் மனைவி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் என் சந்தேகம் எல்லாம் சீனாக்காரர் மேல் இருந்தது. இவர் ஒரு கம்பெனிக் கிளார்க்கின் உடம்பைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார் என்றால் கப்பலைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருப்பார் என்று யோசித்தேன்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் கருப்பாகப் பாகு மாதிரி ஒன்று இருந்தது. கருப்பட்டிப் பாகு என்று நினைத்து, தொழில் பழக்கத்தில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

என் மனைவி எதையும் தொடவில்லை. "என்ன மயினி, சாப்பிடாம இருக்கிய?" என்று சிவனாண்டி கேட்டார். "வயிறு சரியில்ல அண்ணாச்சி" என்றாள். அது பொய். காலையிலிருந்து அவளும் பட்டினி.

அதன் பிறகு சோறு வந்தது. இன்றைக்கு ரேஷனில் போடுகிற அரிசி எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியும், ஏட்டையாவுக்கும் தெரியும். கல் பொறுக்கி எடுத்தால் பாதி, நாற்றம் போகக் கழுவினால் கால்வாசி. ஆனால் இலைபோட்ட தட்டில் வந்தது நல்ல பழைய சம்பா, புழுங்கல், பூப்பூவாக மலர்ந்து கிடந்தது. நான் சண்டை தொடங்கிய பிறகு அப்படிச் சோறு பார்க்கவில்லை. சீனாக்காரர் கள்ள மார்க்கெட்டில் அரிசி வாங்குகிறார் என்று நிச்சயம் செய்தேன். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது சர்க்கார், எனக்கென்ன என்று சாப்பிட ஆரம்பித்தேன். கரண்டி கொடுத்தார்கள். கரண்டியில் எடுத்த சோறு பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும் போயிற்று. அதனால் கரண்டியை வைத்துவிட்டுக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டேன். சந்தேகப்பட்டுக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இதை நான் ஒளிக்கவில்லை. மூன்றாம் தடவை நானாகக் கேட்டு வாங்கினது என்பதையும் ஒளிக்கவில்லை.

கோழியை வேகவைத்து முட்டையை நூல் நூலாக விட்ட ஒரு சாறு, பெரிய பீங்கான் கோப்பையில், மேஜை நடுவில் வைத்தார்கள். அதுதான் மேற்படி சூப்பு.

அப்போது சீனாக்காரர் உள்ளே போய் ஒரு குடையை எடுத்துக்கொண்டு வந்தார். பெண்கள் பிடிக்கிற குடை, ஓரத்தில் பூ வேலை. அதை லிங்கத்துரை பக்கத்தில் சாய்த்து வைத்து, "தம்பி, போன கிழமை நோனா இதை விட்டுட்டுப் போயிட்டா. மறக்காம எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார். கொழும்புப் பேச்சில் கிழமை என்றால் வாரம், நோனா என்றால் அம்மா என்கிற மாதிரி மரியாதையான பேச்சு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சிவனாண்டி, "ஆள் மாத்திச் சொல்லுதான் அண்ணாச்சி. நீங்க சாப்பிடுங்க" என்றார்.

"ஆள் மாறவில்லை ஐயா. சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு பேரும் வருவாங்கதானே" என்று சொன்ன சீனாக்காரர், சிவனாண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

என் மனைவி, "தம்பி, அது யாரு குடை?" என்று கேட்டாள். சந்தைக்கு வந்த மாட்டுக்குப் பல் பார்க்கிறவர்கள் எவ்வளவு நிதானமாகக் கேட்பார்களோ அவ்வளவு நிதானமாகக் கேட்டாள்.

லிங்கத்துரை, "பிளாரன்ஸ் குடைம்மா" என்றார்.

"பிளாரன்ஸ் யாரு?"

"கான்வென்ட் பள்ளிக்கூடத்துல டீச்சர்."

"உனக்கு?"

பையன் கொஞ்ச நேரம் நீலக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். அதன் பிறகு, "கட்டினா அவளைத்தாம்மா கட்டுவேன். மாமாகிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு. மாமா காதுல வாங்கல. உங்க முன்னால நேராச் சொல்ல எனக்கு வாய் வரல. இந்த ஓட்டலுக்குக் கூட்டிட்டு வந்தா நீங்களே கண்டுபிடிச்சிருவியன்னுதான் சொன்னேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பையன் நீலக் கோப்பையைக் காட்டினார், இறாலைக் காட்டினார், வாயால் சொல்லாததை எல்லாம் சீனாக்காரர் மூலமாகக் காட்டிக்கொண்டே இருந்தார். என் மனைவி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் ஜப்பான்காரனைத் தேடிக்கொண்டு இருந்தேன்.

எனக்குப் பையன் மேல் கோபம் வரவில்லை. பெரிய பாரம் இறங்கின மாதிரித்தான் இருந்தது. நான் சிவனாண்டியிடம், "சரி அண்ணாச்சி, பையன் மனசு தெரிஞ்சு போச்சு. சண்டை ஒண்ணும் இல்ல. கருப்பட்டி வியாபாரம் எப்பவும் போல இருக்கட்டும். நாங்க பஸ்ஸைப் பிடிக்கோம்" என்று சொல்லிக் கை கழுவ எழுந்தேன்.

சிவனாண்டி சிரித்தார். "உக்காருங்க அண்ணாச்சி. சாப்பிட்டியள்லா?"

"சாப்பிட்டேன். ஓட்டல் சோறுதான."

"வெந்தது ஓட்டல் அடுப்புல. அரிசி யார் வீட்டு அரிசின்னு நினைச்சிய?"

நான் தட்டைப் பார்த்தேன்.

"இந்த ரேஷன் காலத்துல சீனாக்காரன் உங்களுக்கு சம்பாச் சோறு போடுவானா? எங்க வயல் நெல்லு. எங்க வீட்டு முத்தத்துல அவிச்சுக் காயப்போட்டுக் குத்தினது. காலையில நானே என் கையால அள்ளிக் குடுத்துவிட்டேன். மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டிய. இன்னும் வேணும்னாலும் சாப்பிடுங்க. கை நனைஞ்சாச்சு. செல்லக்கனி இனி எங்க வீட்டுப் பிள்ளை. இவன் சொல்லுததெல்லாம் தாலி கட்டினாச் சரியாப் போயிரும்."

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன். சீனாக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அரிசி சிவனாண்டி வீட்டு அரிசியா என்று கேட்டேன். "இந்த முதலாளிதான் குடுத்தனுப்பினவர். விருந்தாளிக்கு நல்ல சோறு வேணும் எண்டு சொன்னவர்" என்றார். அவருக்கு இதில் ஒரு சூதும் தெரியாது. கள்ள மார்க்கெட் அரிசியும் அவரிடம் கிடையாது. அவர் பேரில் எந்தக் குற்றமும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் அம்மை என்று சொன்னது ஏன் என்பதும் அப்போது புரிந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போனால் நான் சோற்றைத் தொட மாட்டேன். ஓட்டல் என்றால் தொடுவேன்.

என் மனைவி, "இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. பையனுக்கே வேண்டாம்னு சொல்லுதான்" என்றாள்.

சிவனாண்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வேண்டாம்னு தாராளமாச் சொல்லுங்க மயினி. கை நனைச்ச பொறவு வேண்டாம்னா ஊரு இவனைக் கேக்காது. பிள்ளைக்கு என்ன கொறைன்னு கேக்கும். வார சந்தைக்கு நானே உடன்குடிக்கு வாரேன். உங்க கடை வாசல்ல நின்னே நாலு பேருக்கு வெத்தல குடுத்துச் சொல்லுதேன்" என்றார்.

என் மகள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கடையில் நான் இல்லாத நேரம் அவள்தான் தராசு பிடிப்பாள். ஒருவரும் அவளிடம் எடை சரியில்லை என்று சொன்னது கிடையாது. அப்படிப்பட்டவளைப் பற்றி, அவளுக்கு என்ன குறை என்று சந்தையில் நாலு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவதை நான் நினைத்துப் பார்த்தேன்.

அதன் பிறகு நான் எழுந்தேன். எனக்கும் சிவனாண்டிக்கும் நடுவில் மேற்படி சூப்புக் கோப்பை இருந்தது. அதன் பிறகு அது அவர் நெற்றியில் இருந்தது. எப்படிப் போயிற்று என்று ஏட்டையா கேட்டார். நான் எடுத்து அடித்தேன். வலது கையால். சோறு ஒட்டியிருந்த கை. சூப்பு அவர் சட்டையிலும் கொஞ்சம் என் வேட்டியிலும் கொட்டியது. கோப்பை உடைந்தது. அவர் நெற்றியில் இருந்து ரத்தம் வந்தது. அவர் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

லிங்கத்துரை ஓடிப்போய்த் துண்டை நனைத்துக் கொண்டுவந்து மாமாவின் நெற்றியில் அழுத்திப் பிடித்தார். மாமா அவர் கையைத் தட்டிவிட்டார். பையன் மறுபடியும் பிடித்தார். நல்ல பிள்ளை. என் மனைவி அந்தக் குடையை எடுத்துப் பையனின் முழங்கையில் மாட்டிவிட்டு, "ஏலே தம்பி, மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. பொறவு இதைக் கொண்டுபோய் அவகிட்டக் குடு. அவளை இந்த வெயில்ல அலைய விடாத" என்றாள். அதன் பிறகு என்னைப் பார்த்து, "இப்பமாவது சாப்பிட்டு முடிச்சியளா?" என்று கேட்டாள்.

அதற்குள் ரோட்டில் கூட்டம் கூடி, பீட் கான்ஸ்டபிள் வந்து எங்களை இங்கே கூட்டிவந்தார். நான் ஓடவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. ஓடுகிற உடம்பும் இல்லை. என் மனைவி இப்போது ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். யார் வீட்டுச் சோறு என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

சீனாக்காரர் ஏற்கெனவே சாட்சி சொல்லியிருப்பதாக ஏட்டையா எனக்குச் சொன்னார். மேஜையின் ஒரு கால் கட்டை, நான் கை கழுவ எழுந்தபோது மேஜை சாய்ந்தது, விழுந்துவிடாமல் பிடிக்கப் போய்க் கோப்பை கை தவறி அந்தப் பக்கம் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாராம். லிங்கத்துரையும் அப்படித்தான் நினைக்கிறாராம். ஏட்டையா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அப்படியே எழுதிருதேன். கை தவறினதுக்குக் கேஸ் கிடையாது. கடைசி பஸ்ஸுக்கு நீரும் உம்ம வீட்டம்மாவும் போயிரலாம். அடிச்சேன்னு எழுதினா ரத்தக்காயம், கோர்ட்டுக்கு வரணும், அபராதமோ ஜெயிலோ ஜட்ஜு சொல்லுவாரு. யோசிச்சுச் சொல்லும்" என்றார். அவர் நல்ல மனதோடு சொன்னார். எனக்கும் மகளைப் பெற்ற மனம்தான் என்று அவரே சொன்னார்.

நான் யோசித்துச் சொல்வது: சீனாக்காரரும் பையனும் என் பேரில் இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மேஜைக் காலைப் பற்றி எனக்குத் தெரியாது. கை தவறியது என்று எழுதினால், நனைந்த கை நனைந்ததாகவே நிற்கும். விருந்தில் ஒரு கோப்பை கவிழ்ந்தது, சம்பந்திமார் சிரித்துக்கொண்டு பிரிந்தார்கள் என்று சிவனாண்டி நெற்றியில் கட்டோடு சந்தைக்கு வந்து வெற்றிலை கொடுப்பார். நான் இல்லை என்று சொல்ல முடியாது, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவன். சாப்பிடவில்லை என்று நான் சத்தியம் செய்யவும் மாட்டேன், என் வயிற்றைப் பார்த்து ஜட்ஜே நம்ப மாட்டார்.

ஆகவே அவர் வீட்டு அரிசியில் நான் கை நனைத்தது உண்மை. அந்தக் கை காய்வதற்கு முன்னே அதே கையால் அவரை அடித்ததும் உண்மை. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையின் மாமனைச் சோற்றுக் கையோடு அடித்த பிறகு, அதைச் சம்பந்தம் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பெரிய மனுஷரும் சொல்ல மாட்டார். வேண்டாம் என்று சொன்னது நான், குறை என் மகளிடம் இல்லை என்பது அடி வாங்கினவரின் நெற்றியிலேயே இருக்கும். சம்பந்தக்காரரை அடிக்கிறவன் மகள் என்று சிலர் இனி எங்கள் வாசலுக்கு வரத் தயங்கலாம். தயங்குகிறவர்கள் தயங்கட்டும். வருகிறவர்கள் பார்த்துப் பேசுவார்கள்.

கேஸ் கோர்ட்டுக்குப் போகட்டும். உடைந்த பீங்கானுக்கும் நான் பொறுப்பு. இந்த வாக்குமூலத்தைக் கோர்ட்டில் வாசிக்கும்போது சத்தமாக வாசிக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உடன்குடியிலிருந்து கேட்க ஆள் வரும். வராவிட்டால் வண்டி வைத்து நானே கூட்டிவருவேன்.

மேலே எழுதியதை ஏட்டையா எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். இரக்கத்தில் அவர் ஓரிடத்தில் "கை தவறி" என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு வார்த்தையையும் கோடு போட்டு நீக்கச் சொல்லி, மேலே "வேண்டுமென்றே" என்று எழுதச் செய்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது.

(ஒப்பம்) சு. வன்னியபெருமாள்